நாற்பத்தெட்டு டப்பா பீன்ஸ்

அன்புள்ள சிறுவர்களே, சிறுமியரே, முதலில் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இதற்கு முன் நான் கதை எதுவும் எழுதியதில்லை. விடுப்பு விண்ணப்பமும் பிறந்தநாள் வாழ்த்தும் எழுதிப் பழகிய கை இது. உங்கள் நேரத்தில் ஒரு பகுதியைக் கேட்க இந்தக் கைக்கு உரிமை உண்டா என்று பலமுறை யோசித்தேன். ஆரணியில் வெள்ளம் வந்தபோது நடந்த இந்தச் சிறிய செய்தியை, நன்றாகச் சொல்லத் தெரிந்தவர்கள் யாரேனும் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. ஆகவே, தெரியாத நான் துணிந்துவிட்டேன். குறை கண்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஸ்வர்ணலதாவின் வீட்டில், தண்ணீர் முதலில் நிறைத்த இடம் தறிக்குழி.

அவளுடைய அப்பா குமரேசன் பட்டு நெய்பவர். தரையில் வெட்டிய குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்துதான் அவர் தறி மிதிப்பார். மூன்று நாள் விடாமல் பெய்த கார்த்திகை மழையில் ஊருக்கு மேற்கே ஏரிக்கரை உடைந்தது. விடிந்த சற்று நேரத்தில் தெருவுக்குள் புகுந்த தண்ணீர், பள்ளம் எங்கே என்று கேட்டு வந்தது போல நேரே அந்தக் குழிக்குள் இறங்கியது. பிறகு நெய்த சேலையைத் தொட்டது. பிறகு பாவைத் தொட்டது. பாவு என்பது தறியில் நீளவாக்கில் கட்டிய பட்டிழைகள். அதை அவிழ்த்து எடுக்க ஒரு நாளாவது வேண்டும். தண்ணீர் அரைமணி நேரம்கூடக் கொடுக்கவில்லை.

அப்பா, ஐந்து வயதுத் தம்பி கிரணைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அம்மா திலகவதி ஸ்வர்ணலதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பளவு நீரில் நடந்து, நால்வரும் பள்ளிக்கூடத்தின் மாடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

அதன் பிறகு அப்பா ஒரு முறை தனியாகத் திரும்பிப் போனார். தறியிலிருந்து அறுத்தெடுத்த பாதிச் சேலையோடு வந்தார். அரக்குக் கரையின் சாயம் சந்தன நிற உடலெங்கும் இறங்கியிருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தவர்தான். அவர் அதற்குப் பிறகு யாரிடமும் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மாடியில் மொத்தம் அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள். பாதிப் பேர் நெசவுத் தெருக்காரர்கள். மீதிப் பேர் ஏரிக்கரை ஓரம் குடியிருந்த கூலி வேலைக்காரர்கள். ஸ்வர்ணலதாவின் வகுப்புத் தோழி கனிமொழியும் அவள் அம்மா உண்ணாமலையும் அவர்களில் இருந்தார்கள். அவர்களுடைய நான்கு ஆடுகளும் கட்டிய கயிற்றோடு போய்விட்டன. கனிமொழி ஆடுகளின் பெயர்களை யாரிடமும் சொல்ல மறுத்துவிட்டாள். சொன்னால் அழுகை வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

முதல் நாள் எல்லாருக்கும் கஞ்சி கிடைத்தது. கலைமகள் டீச்சர் கீழே இருந்த சத்துணவு அரிசியில் ஒரு மூட்டையையும், ஒரு கேஸ் அடுப்பையும் எப்படியோ மேலே ஏற்றச் செய்திருந்தார். மற்ற மூட்டைகள் மூழ்கிவிட்டன. இரண்டாம் நாள் காலையில் அந்த ஒரு மூட்டையும் தீர்ந்தது. களம்பூரிலிருந்து அரிசி ஏற்றி வந்த லாரி, பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுவதால் அக்கரையிலேயே நிற்பதாகச் செய்தி வந்தது.

கிரணுக்குக் காய்ச்சல். குடித்த கஞ்சியை முந்தைய நாள் மதியமே வாந்தியெடுத்துவிட்டான். அதன் பிறகு தண்ணீர் தவிர எதுவும் அவன் வாய்க்குள் போகவில்லை. டீச்சரிடம் மாத்திரை இருந்தது. ஆனால் அதை வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது என்றார். நான்கு வாயாவது ஏதேனும் சாப்பிட்ட பிறகே கொடுக்க வேண்டும் என்றார். அம்மா சரி என்று தலையசைத்தாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். கொடுப்பதற்கு எதுவும் இல்லை.

அப்போதுதான் அய்யாக்கண்ணு வந்தார். அவர் களம்பூர் அரிசி மில் ஒன்றில் மூட்டை தூக்குபவர். கீழ்வீதி முனையில் ஒரு டிராக்டர் நிவாரணப் பெட்டியோடு நிற்பதாகக் கேள்விப்பட்டு, மார்பளவு நீரில் நடந்து போய், அந்தப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு வந்துவிட்டார். அவர் ஏறிவந்த படிகள் ஒவ்வொன்றிலும் இரத்தம் இருந்தது. தண்ணீருக்கு அடியில் கிடந்த தகரம் எதுவோ அவருடைய வலது காலைக் கிழித்திருந்தது. டீச்சர் துணியைக் கிழித்துக் கட்டுப்போட்டு அவரைத் தாழ்வாரத்துப் பெஞ்சில் படுக்க வைத்தார்.

பெட்டி ஊறிப்போயிருந்தது. உள்ளே நாற்பத்தெட்டுத் தகர டப்பாக்கள். அவற்றின் மேல் ஒட்டியிருந்த தாள்கள் எல்லாம் நனைந்து உரிந்து, கூழாகிப் பெட்டிக்கு அடியில் கிடந்தன. பெட்டியின் மேல் மட்டும் ஆங்கில எழுத்து மிஞ்சியிருந்தது. டீச்சர் அதைப் படித்தார்.

"பேக்டு பீன்ஸ். சுட்ட பீன்ஸ்னு அர்த்தம்."

எட்டாம் வகுப்பு இளவரசன் பணிவாகக் கையைத் தூக்கினான். "யார்கிட்டேருந்து சுட்டதுங்க டீச்சர்?"

எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு நாளில் அந்த மாடி கேட்ட முதல் சிரிப்பு அது.

பீன்ஸ் என்றதும் ஒவ்வொருவர் மனத்திலும் பச்சையாக, நீளமாக, பொரியலுக்கு நறுக்கும் அந்தக் காய்தான் வந்தது. பெட்டிக்கு மிக அருகில் நின்ற ஸ்வர்ணலதா ஒரு டப்பாவை எடுத்து, மூடியிலிருந்த வளையத்தைப் பிடித்து இழுத்தாள்.

உள்ளே பச்சை இல்லை. செம்பழுப்புக் குழம்பில், சிறியதாக, வழவழப்பாக, முட்டை வடிவில் ஏதேதோ நெருக்கியடித்துக் கிடந்தன.

சென்ற கோடை விடுமுறையில் அவள் அப்பாவோடு, பட்டுநூல் இழுக்கும் இடம் ஒன்றுக்குப் போயிருந்தாள். வெந்நீர்த் தொட்டியில் பட்டுக்கூடுகள் மிதந்தன. நூலை இழுத்து முடித்த பிறகு தொட்டியின் அடியில் மிஞ்சுவது, வெந்துபோன புழு. அதுவும் பழுப்பாக, வழவழப்பாக, இதே அளவில்தான் இருந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை.

அதனால் அவள் பக்கத்திலிருந்த கனிமொழியின் காதில் மெதுவாகச் சொன்னாள்: "பட்டுப்புழு மாதிரி இருக்குது, இல்ல?"

அவள் சொன்னது அவ்வளவே. சொல்லிவிட்டு டப்பாவை ஜன்னலில் வைத்தாள். கிரண் தண்ணீர் கேட்டான் என்று உள்ளே போய்விட்டாள்.

சொற்களுக்குக் கால் உண்டு போலும். அந்த ஒரு வாக்கியம் மாடியைச் சுற்றி நடக்கத் தொடங்கியது. கனிமொழி பக்கத்திலிருந்த பெண்ணிடம் 'புழு மாதிரி' என்றாள். அந்தப் பெண் தன் அண்ணனிடம் சொன்னபோது 'மாதிரி' எங்கேயோ உதிர்ந்துவிட்டது. அண்ணன் சொன்னபோது டப்பாவுக்குள் இருந்தது புழு. தாழ்வாரத்தின் கோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அது, நூல் எடுத்த பிறகு மிஞ்சும் பட்டுப்புழுவை வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட ஏழைகளுக்கு யாரோ அடைத்து அனுப்பிய கதையாகிவிட்டது. வேறு ஊராக இருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். பட்டு நெய்பவர்களின் ஊரில் அந்தப் புழுவைப் பற்றி எல்லாருக்கும் தெரியும்.

"பீன்ஸுன்னு எழுதி வச்சிகினு உள்ள இன்னாத்தையோ அடைச்சிருக்கானுங்க," என்றார் ஒருவர். பெட்டியில் எழுதியிருந்த பெயரே சாட்சியாகிவிட்டது. பீன்ஸ் என்று எழுதியிருக்கிறது. உள்ளே பீன்ஸ் இல்லை. அப்படியானால் பொய்தானே. தூக்கிப் போடுங்கள் என்று இன்னொருவர் சொன்னார். பையன்களுக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

ஸ்வர்ணலதா உள்ளே கிரணின் நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே தண்ணீரில் எதுவோ விழும் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டது. பையன்கள் போட்டி போட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று. அவள் எழுந்து ஓடினாள்.

இளவரசன் அடுத்த டப்பாவைக் குறிபார்த்துக்கொண்டிருந்தான். கலைமகள் டீச்சர் அதற்குள் வந்து அவன் கையைப் பிடித்துவிட்டார். பெட்டியில் பதினாறு மிஞ்சியிருந்தன. மற்றவை கனமான தகரம், மிதக்கவில்லை. வெள்ளம் அவற்றின் மேல் ஒன்றும் நடக்காதது போலப் போய்க்கொண்டிருந்தது.

பெஞ்சில் படுத்திருந்த அய்யாக்கண்ணு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கட்டு சிவந்து நனைந்திருந்தது. முதல் டப்பாவைத் திறந்த ஸ்வர்ணலதாவைக் கண்டதும் கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

"ஏம்மா, புழுவையா நான் தலையில தூக்கிகினு வந்தேன்?"

அவள் நேரே ஜன்னலுக்குப் போனாள்.

ஜன்னலில் அவள் வைத்த டப்பா அப்படியே இருந்தது. அவள் அதிலிருந்து ஒன்றை எடுத்தாள். கூரையிலிருந்து வழிந்த மழைநீரில் அதைப் பிடித்தாள். சிவப்பு வழிந்து போனது. வெளிர் நிறத்தில் ஒரு பயறு உள்ளங்கையில் மிஞ்சியது. அழுத்தினாள். தோல் தனியே வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னும் அழுத்தினாள். அது சரிபாதியாக இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதியின் ஓரத்தில், ஊசிமுனை அளவில் ஒரு சிறு முளை ஒட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அது புதியதல்ல. டீச்சர் ஈரப் பஞ்சில் மொச்சையை ஊறவைத்து இருவித்திலைப் பாடம் நடத்தியபோது, இதே முளையை அவள் நோட்டில் படம் வரைந்து பாகங்களையும் குறித்திருந்தாள்.

இனி இதை எல்லாருக்கும் காட்டிவிடலாம். அது எளிது. ஆனால் 'புழு என்று யார் சொன்னது' என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டாலும் அவளுக்குத் தெரியும். ஒரு கணம் டப்பாவோடு அங்கேயே நின்றாள். உள்ளே கிரண் முனகும் சத்தம் கேட்டது.

அவள் வகுப்பறை நடுவில் இருந்த பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

"புழுன்னு முதல்ல சொன்னது நான்தான்," என்றாள். "புழு மாதிரின்னு சொன்னேன். பார்க்காம சொல்லிட்டேன். இது புழு இல்ல. மொச்சை மாதிரி ஒரு பயறு. 'மாதிரி' போயிடாம கேளுங்க."

பிறகு ஒரு பயறைத் தோலுரித்து, பிளந்து, இரண்டு பாதியையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். எந்தப் புழுவாவது இப்படிச் சரிபாதியாகப் பிரியுமா என்று கேட்டாள். டீச்சர் கிட்டே வந்து பார்த்து, ஆமாம், முளை தெரிகிறது என்றார்.

தூக்கிப் போடச் சொன்னவர்கள் தங்கள் சொல்லிலிருந்து இறங்கி வர வழி தெரியாமல் நின்றார்கள்.

"அப்ப நீ துன்னு காட்டு," என்றான் இளவரசன்.

ஸ்வர்ணலதா ஒரு கை நிறைய அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். அவள் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"பாரு, மூஞ்சி போற போக்க. புழுவேதான்," என்று ஒரு குரல் எழுந்தது.

அவள் சிரமப்பட்டு விழுங்கினாள். "புழு இல்லீங்க. இனிக்குது. குழம்புல சர்க்கரை போட்டிருக்காங்க."

குழம்பில் சர்க்கரையா என்று பலரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அதற்குப் புழுவே தேவலை என்றார் ஒரு பெரியவர். கனிமொழியின் அம்மா உண்ணாமலை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஒரு பயறை எடுத்து, நகத்தால் கீறி, வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

"மொச்சைக்குத் தம்பி இது," என்று தீர்ப்புச் சொன்னாள். "வெல்லப்பாகுல முக்கி வச்சிருக்கான். கழுவிட்டுக் காரம் போட்டா ஜோரா இருக்கும். எம் பேருதான் உண்ணாமலை. உண்ணாம இருக்க என்னால ஆவாது. அடுப்பப் பத்த வைங்க."

மாடிக்கு வந்ததிலிருந்து அவிழ்க்காத அவள் மூட்டையில் கேழ்வரகு மாவும், பூண்டும், காய்ந்த மிளகாயும் இருந்தன. தாளிக்க எண்ணெய் மட்டும் இல்லை. ஸ்வர்ணலதா சற்று யோசித்தாள். அவசரத்தில் அம்மா வீட்டிலிருந்து எடுத்துவந்த ஒரே உணவுப் பொருள் மாங்காய் ஊறுகாய்ப் பாட்டில். அதன் மேல் இரண்டு விரல் உயரத்துக்கு நல்லெண்ணெய் நின்றது.

"அத்தை, ஊறுகா எண்ணெயில தாளிச்சா ஆவாதா?"

உண்ணாமலை அவளை நிமிர்ந்து பார்த்தாள். "ஆவும்டி கண்ணு. உப்பும் காரமும் அதுலயே கீது."

அதன் பிறகு பெண்களுக்குள் ஒரு பெரிய விவாதம் நடந்தது. சிவப்புப் பாகு முழுவதையும் கழுவிக் கொட்டிவிட்டு, பூண்டு தட்டிப் போட்டுக் களிக்குத் தோதாகக் குழம்பு வைக்க வேண்டும் என்பது உண்ணாமலையின் கட்சி. கொட்டக் கூடாது, தக்காளிதானே அது, மிளகாய் கிள்ளிப் போட்டுச் சுண்டக் காய்ச்சினால் தொக்கு என்பது திலகவதியின் கட்சி. பயறை மட்டும் உப்பு மிளகாயோடு வறட்டிச் சுண்டலாகக் கொடுத்தால் குழந்தைகள் சாப்பிடும் என்றாள் இன்னொருத்தி. முதலில் தூக்கிப் போடச் சொன்னவள் அவள்தான். யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. கடைசியில் எட்டு டப்பா குழம்பாயிற்று. ஐந்து தொக்காயிற்று. மூன்று சுண்டலாயிற்று.

தட்டில் ஆளுக்கு ஓர் உருண்டைக் களி. அதன் நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி. அந்தக் குழிக்குள் அரைக் கரண்டி. அதற்கு மேல் கொடுக்க வழியில்லை.

முதல் தட்டை ஸ்வர்ணலதா அய்யாக்கண்ணுவிடம் கொண்டுபோனாள். அவர் ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். "புழு நல்லா கீதும்மா," என்றார். அவள் சிரித்தாள், கண்ணில் தண்ணீரும் வந்தது.

இரண்டாவது தட்டு கிரணுக்கு. அவன் உதடுகளை இறுக்க மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். அவன் காதுக்கும் அந்தச் சொல் போயிருந்தது. அம்மா கெஞ்சினாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஸ்வர்ணலதா தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் திறந்த டப்பாவையே எடுத்து வந்தாள். அதில் கால்வாசி மிச்சமிருந்தது. ஒரு பயறை எடுத்து அவன் விரல்களுக்கு நடுவில் வைத்தாள்.

"இதுக்கு ரெண்டு கதவு கீதுடா. நீயே திறந்து பாரு. உள்ள புழு இருந்தா சாப்பிட வேணாம்."

கிரண் சந்தேகத்தோடு அழுத்தினான். கதவு திறந்தது. வெகுநேரம் உற்றுப் பார்த்தான்.

"யாரும் இல்ல," என்றான்.

"இல்லன்னா இன்னா பண்ணுவ?"

அவன் அதை வாயில் போட்டுக்கொண்டான். பிறகு அடுத்த கதவைத் திறந்தான். ஊரே முகம் சுளித்த அந்த இனிப்புக் குழம்பு அவனுக்குப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு பயறாகத் திறந்து, யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, டப்பாவின் அடி தெரியும்வரை சாப்பிட்டான். விரலையும் நக்கினான். அம்மா மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தாள். அது வயிற்றில் நின்றது. மாலைக்குள் அவன் நெற்றி வியர்த்துக் குளிர்ந்தது.

பதினாறு டப்பா அறுபத்து மூன்று பேருக்கு எப்படிப் போதும்? வரிசையில் கடைசியாக நின்ற ஏழு பேருக்கு வெறும் களியும் ஊறுகாய்க் காரமும்தான் கிடைத்தன. அவர்கள் அதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

இளவரசன் வரிசைக்கே வரவில்லை. மாடிப்படியில், தண்ணீர் தொடும் படிக்கு ஒரு படி மேலே உட்கார்ந்திருந்தான். ஸ்வர்ணலதா தன் தட்டோடு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு வேணாம்," என்றான். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "முப்பத்தொண்ணுல பதினேழு நான் போட்டது."

"நான் சொன்னதாலதான நீ போட்ட."

"நீ மாதிரின்னுதான சொன்ன."

அவள் களியை இரண்டாகப் பிட்டாள். பயறுகளை எண்ணிப் பங்கு போட்டாள். ஒன்று அதிகமாக வந்தது. அதையும் பிளந்து ஆளுக்கு ஒரு பாதி வைத்தாள். இருவரும் சாப்பிட்டு முடித்தார்கள்.

அவள் காலித் தட்டோடு மேலே வந்தபோது, அப்பாவின் முன்னால் இருந்த தட்டும் காலியாக இருந்தது. பாதிச் சேலை அவர் மடியிலிருந்து தரைக்கு இறங்கியிருந்தது. ஒன்றரை நாளாக எதுவும் பேசாத அவர், தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நல்லாருக்குதும்மா," என்றார். "இன்னும் கொஞ்சம் கீதா?"

ஸ்வர்ணலதா ஓடிப்போய்ப் பார்த்தாள். உண்ணாமலை பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்திருந்தாள். ஸ்வர்ணலதா திரும்பி வந்து, இல்லைப்பா என்றாள். அவர் பரவாயில்லை என்று சொல்லி, அவளைத் தன் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார்.

தண்ணீர் வடிய மேலும் இரண்டு நாள் ஆயிற்று. இழந்தவை வருமாறு:

குமரேசனின் தறி ஒன்று. அதில் பூட்டியிருந்த பாவு ஒன்று. நெய்திருந்தால் இன்னும் இரண்டு சேலை ஆகியிருக்கும். சாயம் இறங்கிய சேலை, பாதி. உண்ணாமலை வீட்டு ஆடுகள் நான்கு, மண்சுவர் இரண்டு. ஸ்வர்ணலதா, கனிமொழி இருவருடைய ஐந்தாம் வகுப்புப் புத்தகங்கள் அனைத்தும். அய்யாக்கண்ணுவின் வலது காலில் விரல்கள் இரண்டு. புண் ஆறாததால் மருத்துவர்கள் எடுத்துவிட்டார்கள். பீன்ஸ் டப்பாக்கள் முப்பத்தொன்று. அவற்றில் ஒன்பதை இளவரசன் சேற்றில் தேடிக் கண்டெடுத்தான். உப்பியிருந்ததால் டீச்சர் அவற்றைப் புதைக்கச் சொன்னார். 'மாதிரி' என்ற சொல் ஒன்று.

கிரண் இழந்தது இடது கால் செருப்பு மட்டும்.